ஹக்கிள்பெரி ஃபின், 11ஆம் வகுப்பு, 6 வாரம்: எங்கே நிற்பது, எங்கே வேகமாகக் கடப்பது?

சாக்பீஸ்துகள்:
அமெரிக்க உயர்நிலைப் பள்ளி, 11ஆம் வகுப்பு ஆங்கிலம். பாடம் மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’: வீட்டைவிட்டு ஓடும் சிறுவன் ஹக்கும் தப்பியோடும் அடிமை ஜிம்மும் மிசிசிப்பி ஆற்றில் தெப்பத்தில் போகும் கதை. 28 பேர், வாரம் 5 பீரியட், ஒரு பீரியட் 50 நிமிடம், மொத்தம் 6 வாரம். நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று போட்டால் 43 அத்தியாயமும் 22 நாளில் முடிந்துவிடும். கணக்கு சரி, ஆனால் ஒன்றும் மனதில் தங்காது. கறுப்பினத்தவரைக் குறிக்கும் அந்த வசைச்சொல் 200 தடவைக்கு மேல் வருகிறது. அதை எப்படிக் கையாள்வது? ஜிம் பேசும் வழக்கைப் பாதிப் பேரால் வாசிக்கவே முடியாது. கடைசி 12 அத்தியாயத்தை வெட்டிவிடலாமா என்றும் ஒரு யோசனை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

படகுத்துறை:
முதலில் சமபங்கு போடுவதை விடுங்கள். நாவல் முழுக்க ஒரே கனத்தில் இல்லை. ட்வெயின் 1876இல் ஆரம்பித்து, நடுவில் வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டு, 1883இல்தான் முடித்தார். விட்டுவிட்டு எழுதியது வாசிக்கும்போதே தெரியும்.

உங்களிடம் 30 பீரியட் இருக்கிறது. புத்தகத்தைத் திறக்கும் முன் 2. முதல் 7 அத்தியாயத்துக்கு 4. இருவரும் ஒளிந்திருக்கும் ஜாக்சன் தீவு, அதாவது 8 முதல் 11 வரை, 3. ஆற்றுப் பயணம் 12 முதல் 16 வரை 6 பீரியட். அத்தியாயம் ஐந்துதான், ஆனாலும் ஆறு கொடுங்கள், நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது. கிரேஞ்சர்ஃபோர்டு குடும்பப் பகை 17, 18க்கு 2. ராஜா, டியூக் என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு மோசடிக்காரர்கள் வரும் 19 முதல் 30 வரை வெறும் 4. 31க்கு மட்டும் தனியாக 2. 32 முதல் கடைசி வரை 4. மிச்சம் 3 கட்டுரைக்கு.

19–30 பகுதியில்தான் எல்லோரும் நேரத்தைத் தொலைக்கிறார்கள். வில்க்ஸ் குடும்பத்தை ஏமாற்றும் 24 முதல் 29 வரை சுவையான பகுதிதான், ஆனால் நீளம். நாலு பேராக 7 குழு பிரியுங்கள். ஆறு குழுவுக்கு ஆளுக்கொரு அத்தியாயம். ஏழாவது குழு யார் யாரிடம் என்ன பொய் சொன்னார்கள் என்று போர்டில் வரையட்டும். ஒரு குழுவுக்கு 5 நிமிடம், ஒரே பீரியடில் முடிந்துவிடும். 21இல் கர்னல் ஷெர்பர்ன் குடிகாரன் பாக்ஸைச் சுடுவதும், 22இல் அவர் கூட்டத்தை எதிர்கொள்வதும், 23இன் கடைசிப் பக்கங்களில் ஜிம் தன் மகளைப் பற்றிச் சொல்வதும் மட்டும் வகுப்பிலேயே வாசிக்க வேண்டியவை. காய்ச்சலில் காது கேட்காமல் போன பிள்ளை என்று தெரியாமல், சொன்ன பேச்சு கேட்கவில்லையே என்று அடித்துவிட்ட அப்பாவின் பேச்சு அது. அதைச் சுருக்கிச் சொன்னால் செத்துவிடும்.

அடிக்குறிப்பு:
படகுத்துறை சார் சொன்ன பங்கீடு நன்று. இரண்டு எச்சரிக்கை.

ஒன்று, பதிப்பு. பக்க எண் சொல்லி வகுப்பு நடத்தாதீர்கள், அத்தியாய எண் மட்டும் போதும். மரத்தெப்பக்காரர்கள் வரும் நீண்ட பகுதி ஒன்றை ட்வெயின் 1883இல் ‘லைஃப் ஆன் தி மிசிசிப்பி’ என்ற தன் இன்னொரு நூலில் சேர்த்துவிட்டு இந்த நாவலில் அச்சிடாமல் விட்டார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பு அதை 16ஆம் அத்தியாயத்தில் திரும்ப வைத்திருக்கிறது, மலிவுப் பதிப்புகள் பலவற்றில் கிடையாது. 28 பேர் கையிலும் ஒரே பதிப்பு இல்லையென்றால் 16ஆம் அத்தியாயத்தில் பாதி வகுப்பு தொலைந்துபோகும். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே கோப்பை எல்லோருக்கும் கொடுப்பது சுலபம்.

இரண்டு, காலம். இது ஆசிரியர்களே செய்யும் தவறு. 1850 ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தைப் பின்னணியாகப் பாடம் எடுத்துவிடுவார்கள். நாவலின் முகப்பிலேயே ‘நாற்பது முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்’ என்று போட்டிருக்கிறது. அமெரிக்காவில் வெளிவந்தது 1885. அப்படியானால் கதை நடப்பது 1835–1845. அப்போது நடைமுறையில் இருந்தது 1793 சட்டம். எழுதியவரோ உள்நாட்டுப் போரும் முடிந்து, 1877இல் மறுசீரமைப்புக் காலமும் (போருக்குப் பின் தெற்கைச் சீரமைத்த ஆண்டுகள்) முடிந்த பிறகு முடிக்கிறார். கதைக்காலம், எழுதிய காலம், வாசிக்கும் காலம் என்று மூன்று கோடு முதல் நாளே போர்டில் போட்டுவிட்டால் ‘அப்போதெல்லாம் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள்’ என்ற வாதம் பாதி அடங்கும்.

இன்னொன்று. 8ஆம் அத்தியாயம் தாண்டுவதற்குள் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: எதிர்க்கரை இல்லினாய், அது விடுதலை மாநிலம், ஜிம் ஏன் நீந்திப் போகவில்லை? பதில் தயாராக இருக்கட்டும். இல்லினாயில் 1819இலேயே கறுப்பினத்தவர் விடுதலைச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று சட்டம். காகிதம் இல்லாதவரைப் பிடித்து வேலைக்கு வாடகை விடலாம். போதாததற்கு ஜிம்மின் தலைக்கு 300 டாலர் அறிவித்திருப்பது 11ஆம் அத்தியாயத்தில் வருகிறது. அதனால்தான் ஒஹாயோ ஆறு மிசிசிப்பியில் சேரும் கெய்ரோ ஊர் வரை மிதந்து, அங்கே தெப்பத்தை விற்று, நீராவிப் படகேறி ஒஹாயோ ஆற்றில் மேலே போகும் திட்டம். அந்த ஊர்க்காரர்கள் அதைக் ‘கேரோ’ என்றுதான் உச்சரிப்பார்கள். எகிப்து என்று நினைத்து ஒரு கை உயரும், தயாராக இருங்கள்.

படகுத்துறை:
வரைபடத்துக்கு ஒரு 20 நிமிடம் ஒதுக்கினால் இது இன்னும் பலமாகப் பதியும். 12ஆம் அத்தியாயத்தில் ஹக்கே கணக்குக் கொடுக்கிறான்: இரவுக்கு ஏழெட்டு மணி நேரம், மணிக்கு நாலு மைலுக்கு மேல் நீரோட்டம். அதாவது ராத்திரிக்கு 30 மைல் சுமார். பிள்ளைகள் நூல் வைத்து ஆற்றின் வளைவுகளை அளந்து, ஐந்தாம் இரவு செயின்ட் லூயிஸைத் தாண்டுவது பொருந்துகிறதா என்று பார்க்கட்டும். பிறகு பனிமூட்டம். 16இல் கரையோரம் தெளிந்த ஒஹாயோத் தண்ணீரும் அந்தப் பக்கம் கலங்கல் மிசிசிப்பியும் சேர்ந்து ஓடுவதைப் பார்த்துத்தான் கெய்ரோவைத் தவறவிட்டது புரிகிறது. இரண்டு நிறத்தில் கலர் பென்சில் கொடுத்து அந்தச் சங்கமத்தை வரையச் சொல்லுங்கள். அதற்குமேல் தெப்பம் போகும் ஒவ்வொரு மைலும் அடிமை நாட்டுக்குள் இன்னும் ஆழமாக என்பது விரிவுரை இல்லாமலே விளங்கும்.

கரும்பலகை:
அந்தச் சொல்லைப் பற்றி. இதை முதல் பக்கம் திறப்பதற்கு முன் முடிக்க வேண்டும். ஏதாவது நடந்தபின் விதி போட்டால் அது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

பாடம் தொடங்க இரண்டு வாரம் முன் பெற்றோருக்கு ஒரு பக்கக் கடிதம். நாவலில் என்ன சொல் வருகிறது, ஏன் இந்த நூல், வகுப்பில் அதை யாரும் உச்சரிக்கமாட்டார்கள், மாற்று நூல் வேண்டுமானால் எது என்று நாலு பத்தி. கடிதம் போகுமுன் துறைத் தலைவரும் பிரின்சிபாலும் பார்த்திருக்க வேண்டும். சர்ச்சைக்குரிய நூல்களுக்குப் பள்ளி மாவட்டத்தில் தனி விதி இருந்தால் அதன் நகலும் கையில் இருக்கட்டும். மாற்று நூலாக ஃபிரெடரிக் டக்ளஸின் 1845 தன்வரலாறு நன்றாகப் பொருந்தும்: 11 அத்தியாயம், அதே காலம், அடிமையாக இருந்தவரே எழுதியது. உண்மையில் அதன் 6ஆம் அத்தியாயத்தை எல்லோருக்குமே முன்னதாகக் கொடுத்துவிடுவது நல்லது. எழுத்துக் கற்றுக்கொடுக்கக் கூடாது என்று எஜமான் தடுக்கும் இடம் அது.

வகுப்பு விதி ஒரே வரி: வாய்விட்டு யாரும் சொல்வதில்லை, ஆசிரியர் உட்பட. வாசிக்கும்போது அந்த இடத்தில் சின்ன இடைவெளி விட்டுத் தாண்டுவது. கட்டுரையில் மேற்கோள் காட்டினால் முதல் எழுத்தும் ஒரு கோடும். ‘இலக்கியம்தானே, நான் மட்டும் வாசிக்கிறேன்’ என்று ஆசிரியர் விலக்கு எடுத்துக்கொண்டால், பின்பெஞ்சு அதை அனுமதியாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒலிநூலை வகுப்பில் போடாதீர்கள், அதில் எல்லாமே வரும். வகுப்பில் ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்யலாம் என்பார்கள், அது சரியில்லை. காயப்படக்கூடிய பிள்ளை 27 பேர் முன்னால் கை தூக்க வேண்டியிருக்கும். வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளை இருந்தால் அந்தப் பக்கம் திரும்பி ‘உனக்கு எப்படி இருக்கிறது’ என்று கேட்கவே கூடாது. பார்வைகூடத் தவறிப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எளியவழி:
இவ்வளவு சிரமம் எதற்கு? 2011இல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டு ஒரு பதிப்பு வந்ததே. அதை வாங்கினால் பிரச்சினை முடிந்தது.

கரும்பலகை:
நியூசவுத் பதிப்பைச் சொல்கிறீர்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், பள்ளிகள் இந்த நூலையே கைவிடுகின்றனவே என்ற கவலையில். ஆனால் ‘அடிமை’ என்பது சட்டநிலை, இது வசை. 6ஆம் அத்தியாயத்தில் ஹக்கின் அப்பன் குடித்துவிட்டு அரசாங்கத்தைத் திட்டுகிறான் அல்லவா? அவன் வயிறு எரிவது ஒஹாயோவிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பேராசிரியரைப் பார்த்து. பல மொழி தெரிந்தவர், வெள்ளைச் சட்டை, தங்கக் கடிகாரம், சொந்த ஊரில் ஓட்டுப் போடும் உரிமை. அவர் அடிமையே இல்லை. அதுதான் அப்பனைச் சுடுகிறது. அங்கே ‘அடிமை’ என்று போட்டால் அந்தப் பேச்சின் முதுகெலும்பே உடைந்துவிடும். 32இலும் அப்படித்தான். படகு இயந்திரம் வெடித்தது என்று ஹக் புளுகுகிறான். யாருக்காவது அடிபட்டதா என்று பண்ணைவீட்டு சாலி அத்தை கேட்க, இல்லை, ஒரு கறுப்பன் செத்தான் என்கிறான். நல்லவேளை, சில சமயம் ஆட்களுக்கு அடிபட்டுவிடும் என்கிறாள் அவள். அன்பான பெண்மணி, விருந்தாளிக்குச் சோறு போடுகிற கை. அந்த ஆறு வரியை வைத்து ஒரு முழு பீரியட் ஓட்டலாம். ஹக் அதை நம்பிச் சொல்கிறானா, அவள் எதை நம்புவாள் என்று கணித்துச் சொல்கிறானா என்ற கேள்வியை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

எளியவழி:
பேராசிரியர் விஷயத்தை யோசிக்கவில்லை. சரி. ஆனால் 9ஆம் வகுப்புக்கு என்றால் இன்னும் என் கட்சிதான்.

கரும்பலகை:
9ஆம் வகுப்புக்கு நூலே வேண்டாம் என்பது என் கட்சி. 11க்குக் கீழே இந்த முரண்நகை பிடிபடாது.

மூன்றாம்பெஞ்ச்:
ஜிம்மின் பேச்சுக்கு வருகிறேன். நூலின் தொடக்கத்தில் ட்வெயின் தான் எத்தனை வட்டார வழக்குகளைப் பயன்படுத்தினார் என்று ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். கூட்டினால் ஏழு. அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்குங்கள். ஜிம்மின் வழக்கு ‘பிழையான ஆங்கிலம்’ அல்ல, ஹக்கும் வழக்கில்தான் பேசுகிறான் என்பது முதலில் பதிய வேண்டும்.

ஒரே தாளில் 15, 20 சொல் போதும். ‘க்வைன்’ என்றால் போகப் போகிறேன், ‘டிஸ்’ என்றால் இது, இந்த அளவுக்கு. நீண்ட சொற்பட்டியல் கொடுத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஜிம்மின் வசனத்தை மாணவர் நடித்து வாசிக்க விடாதீர்கள். சிரிப்பு வரும், அந்தச் சிரிப்பு முகத்தில் கரி பூசி ஆடிய பழைய மின்ஸ்ட்ரல் மேடையின் சிரிப்பு. மௌனமாக வாசித்து, ஒரு பத்தியைத் தற்கால ஆங்கிலத்தில் எழுதி, எது காணாமல் போனது என்று பேசுவது நல்ல பயிற்சி.

ஜிம் அப்பாவி என்ற எண்ணத்தை உடைக்க 4ஆம் அத்தியாயத்தின் கள்ளக்காசு போதும். மாட்டு வயிற்றிலிருந்து எடுத்த மயிர்ப்பந்தைக் குறி கேட்க ஹக் ஒரு செல்லாத கால் டாலரைக் கொடுக்கிறான். பித்தளை பல்லிளிக்கும் காசு. தன்னிடம் நல்ல டாலர் ஒன்று இருப்பதைச் சொல்லவில்லை. ஜிம் அதை முகர்ந்து, கடித்து, தேய்த்துப் பார்த்துவிட்டு, உருளைக்கிழங்கைப் பிளந்து நடுவில் ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் பித்தளை தெரியாது, ஊரில் யாரும் வாங்கிக்கொள்வார்கள் என்கிறான். அந்த உருளைக்கிழங்கு வித்தை தனக்கும் தெரியும், மறந்துவிட்டது என்று ஹக் சமாளிக்கிறான். யார் யாரை ஏமாற்றினார்கள் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பு இரண்டாகப் பிரியும்.

இதே கதையை ஜிம்மின் வாயால் சொல்லும் பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ நாவலிலிருந்து, பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரர் முன் எப்படிப் பேச வேண்டும் என்று ஜிம் பாடம் எடுக்கும் சில பக்கங்களை இதற்குப் பிறகு வைக்கலாம். முன்னால் வைத்தால் ட்வெயினின் ஜிம்மைத் தாங்களாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு போய்விடும். 2024 நூல், காப்புரிமை உண்டு. நகலெடுத்து விநியோகிக்க நினைக்காதீர்கள், நூலகப் பிரதிகளை வைத்து நடத்துங்கள்.

படகுத்துறை:
15ஐயும் 16ஐயும் அடுத்தடுத்த நாளில் வைப்பது முக்கியம். நடுவில் வார இறுதி வரக்கூடாது. 15இல் பனிமூட்டத்தில் பிரிந்து, திரும்பி வந்து, எல்லாம் கனவு என்று ஹக் நம்பவைக்கிறான். ஜிம் அந்தக் ‘கனவுக்கு’ நீளமாக அர்த்தம் சொல்கிறான். அப்புறம் ஹக் தெப்பத்தின் மேல் கிடக்கும் இலையையும் குப்பையையும் உடைந்த துடுப்பையும் காட்டி, இதற்கு என்ன அர்த்தம் என்கிறான். ஜிம் அதைப் பார்க்கிறான், ஹக்கைப் பார்க்கிறான், மறுபடி அதைப் பார்க்கிறான். பிறகு சொல்கிறான், நண்பன் தலையில் அழுக்கைப் போட்டு வெட்கப்பட வைக்கிறவன்தான் குப்பை என்று. ‘குப்பை’ என்ற சொல் பலகை மேலிருந்து மனிதன் மேல் தாவும் அந்த இடத்தை வட்டம் போடச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்க ஹக்குக்கு 15 நிமிடம் பிடிக்கிறது.

அத்தோடு மணி அடித்தால், ‘ஹக் திருந்திவிட்டான்’ என்று எழுதிவிடுவார்கள். மறுநாள் 16இல் அதே ஹக் ஜிம்மைக் காட்டிக்கொடுக்கக் கிளம்புகிறான்.

திருத்துபேனா:
கட்டுரை திருத்துகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் பிழை இது: ‘31ஆம் அத்தியாயத்தில் ஹக் அடிமைமுறை தவறு என்று உணர்கிறான்.’ இல்லை. அப்படி ஒரு வரி நாவலில் எங்கும் கிடையாது. ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி, ஜிம்மின் எஜமானி மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதியதும் பாவம் கழுவியது போல இருக்கிறது அவனுக்கு. கிழித்ததும் நரகத்துக்குப் போவதாகவே நம்புகிறான். சட்டமும் சர்ச்சும் சரி, தான்தான் கெட்டவன் என்பது அவன் முடிவு. சந்தேகம் இருந்தால் 33ஐக் காட்டுங்கள்: பிடித்து அடைத்துவைத்த ஜிம்மைத் திருடி விடுவிக்க நண்பன் டாம் சாயர் உதவுகிறேன் என்றதும் ஹக் மனதில் டாமின் மதிப்பு இறங்கிவிடுகிறது. நல்ல குடும்பத்துப் பையன் இப்படிச் செய்வானா என்று. அடிமைமுறை தவறு என்று உணர்ந்தவன் அப்படி நினைப்பானா?

31க்கு இரண்டு பீரியட் என்றால் முதலாவதில் கடிதம் எழுதும் பத்தியை மட்டும் எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் ‘யார் குரல்’ என்று குறிக்கச் சொல்லுங்கள். சண்டே ஸ்கூல், ஹக்கை வளர்த்த விதவை, ஊர், ஹக். கடைசியில் ஜிம்மை நினைவுகூரும் வரிகளில்தான் இரவல் குரல் நின்றுபோகும்.

இரண்டாவது பீரியட் பணத்துக்கு. 8இல் ஜிம்மின் விலை 800 டாலர். தனக்குத் தானே சொந்தம், அதனால் நான் பணக்காரன் என்கிறான். அதன்பின் 40 என்ற தொகையைத் துரத்தச் சொல்லுங்கள். 16இல் அடிமை தேடுவோர், தெப்பத்தில் பெரியம்மை என்று பயந்து, பலகையில் இரண்டு 20 டாலர் தங்கக் காசு வைத்து அனுப்புகிறார்கள். 31இல் ராஜா ஜிம்மை விட்டுக்கொடுப்பது 40 டாலருக்கு. கடைசி அத்தியாயத்தில் பொறுமையாகக் கைதியாக இருந்ததற்கு டாம் ஜிம்முக்குக் கொடுப்பதும் 40.

சாக்பீஸ்துகள்:
மூன்றாவது 40 கடைசி அத்தியாயத்தில் என்றால் வெட்டவே முடியாதே!

திருத்துபேனா:
வெட்டக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அடிக்குறிப்பு:
வெட்டுகிறவர்கள் நாவலாசிரியர் ஹெமிங்வேயைத் துணைக்கு அழைப்பார்கள். ஜிம் திருடப்படும் இடத்தோடு நிறுத்துங்கள், மிச்சம் ஏமாற்று என்று 1935இல் எழுதினார். கவிஞர் டி. எஸ். எலியட் இந்த நாவலுக்கு எழுதிய 1950 முன்னுரையில் முடிவை ஆதரித்தார். விமர்சகர் லியோ மார்க்ஸ் 1953இல் மறுத்தார். மூன்று பேர் கட்சியையும் அரைப் பக்கத்தில் சுருக்கிக் கொடுத்துவிட்டு, மாணவர் ஒரு பக்கம் சேரட்டும்.

ஆனால் வாதத்துக்கு முன் ஒரு தகவல் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும்: மிஸ் வாட்சன் இறக்கும்போதே உயிலில் ஜிம்மை விடுவித்துவிட்டார். இரண்டு மாதமாக அவன் சுதந்திர மனிதன். டாமுக்கு அது தெரியும். 42இல் வெளிவருகிறது. எலி, பாம்பு, ரத்தத்தால் எழுதும் சட்டை எல்லாம் ஏற்கெனவே விடுதலையானவனை ‘விடுவிக்க’ டாம் நடத்திய விளையாட்டு. மறுசீரமைப்புக் காலம் முடிந்த பிறகு எழுதப்பட்ட பகுதி என்பதைக் கணக்கில் எடுத்தால், சட்டப்படி விடுதலையானவர்களைத் தெற்கு மறுபடி பிணைத்துவைத்த கதையாக இதை வாசிப்பவர்கள் உண்டு. ட்வெயின் அதைத் திட்டமிட்டாரா என்பது வேறு விவாதம். எனக்கு முழு நம்பிக்கை இல்லை, ஆனால் வகுப்புக்கு நல்ல தீனி.

மூன்றாம்பெஞ்ச்:
நான் இதில் முரண்படுகிறேன். அந்த விளக்கத்தை ஆசிரியரே கொடுத்துவிட்டால் எல்லாக் கட்டுரையிலும் அதே வரும். 34 முதல் 39 வரை வேகமாகக் கடந்து, 40இல் டாம் காலில் குண்டடி படுவது, டாக்டர் இல்லாமல் நகரமாட்டேன் என்று ஜிம் சொல்வது, 42இல் டாக்டர் சாட்சியம், கடைசி அத்தியாயம், இவ்வளவையும் முழுசாக வாசியுங்கள். ஆற்றில் மிதந்து வந்த வீட்டில் செத்துக் கிடந்தது ஹக்கின் அப்பன் என்று ஜிம் அப்போதுதான் சொல்கிறான். 9ஆம் அத்தியாயத்தில் முகத்தை மூடியது இரக்கமா, ஹக் தெப்பத்தை விட்டுப் போய்விடக்கூடாது என்ற கணக்கா? உருளைக்கிழங்குக் காசை நினைவில் வைத்திருப்பவன் இரண்டும்தான் என்பான்.

திருத்துபேனா:
தேர்வு விஷயம். இணையச் சுருக்கத்தை வாசித்து வருபவரைப் பிடிக்க 5 கேள்வி, 6 நிமிடம், சின்ன விவரங்கள். 4இல் காலணிக் குதிகாலில் ஆணியால் என்ன வடிவம்? சிலுவை. 11இல் பெண் வேஷத்தில் வந்த ஹக் பெண் இல்லை என்று லாஃப்டஸ் அம்மாள் எப்படிக் கண்டுபிடித்தாள்? ஊசியில் நூல் கோத்த விதம், எலி மேல் ஈயக்கட்டியை எறிந்த விதம், மடியில் விழுந்ததை முழங்காலைச் சேர்த்துப் பிடித்தது. மூன்றில் இரண்டு சொன்னால் மதிப்பெண். ‘11இன் மையக்கருத்து என்ன’ என்று கேட்டால் வாசிக்காதவன்தான் அழகாக எழுதுவான்.

கட்டுரைக்கு மூன்று பீரியட்: மேற்கோள் திரட்டி வாதத்தை ஒரு வாக்கியமாக்க ஒன்று, கையால் வகுப்பிலேயே முதல் வரைவு எழுத ஒன்று, மாற்றிப் படித்துத் திருத்த ஒன்று. 700–900 சொல், நாவலின் மூன்று வெவ்வேறு பகுதியிலிருந்து குறைந்தது 4 மேற்கோள். 40 டாலரையே தலைப்பாகக் கொடுக்கலாம்: ஒவ்வொரு முறையும் கொடுப்பவர் எதை வாங்குவதாக நினைக்கிறார்?

சாக்பீஸ்துகள்:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: முதல் பதிப்பின் படங்களைக் காட்டலாமா?

மூன்றாம்பெஞ்ச்:
காட்டலாம், ஆனால் வரிசை முக்கியம். ஓவியர் கெம்பிள் வரைந்தவை, 174 படம். ஒரே வெள்ளைக்காரச் சிறுவனை மாடலாக நிற்கவைத்து ஜிம் உட்பட எல்லோரையும் வரைந்தார். ஜிம் கேலிச்சித்திரமாகத்தான் இருப்பான். 11ஆம் அத்தியாயம் முடிந்ததும், ஜிம்முக்கு என்ன வயது, எப்படி இருப்பான் என்று ஐந்து வரி எழுதி வாங்குங்கள். மனைவியும் சின்னப் பிள்ளைகளும் உள்ளவன் என்று பின்னால் தெரியவரும்போது பலர் தாத்தா என்று எழுதியிருப்பார்கள். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்புறம் படத்தைப் போடுங்கள்.